மெமரி கார்டு சொன்ன ஸ்டேஷன்

கரண்ட் இல்லாத நேரத்தில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பொம்மை ரயில் இன்ஜினை ஸ்டேஷனிலிருந்து தூக்கி, தண்டவாளம் முடிகிற ஓரத்தில் வைத்தேன். உடனே கரண்ட் வந்துவிட்டது.

ரயிலை ஓட்டுகிற பெட்டிக்குள் இருந்த மெமரி கார்டு, "கிளம்புடா, பாதை நேரா இருக்கு" என்றது.

"அண்ணே, நான் மேசை ஓரத்துல நிக்கிறேன். நகர்ந்தா விழுந்துடுவேன்" என்றது இன்ஜின்.

"நீ ஸ்டேஷன்லதான் நிக்கிற. எனக்கு ஞாபகம் இருக்கு."

"கொஞ்சம் எட்டிப் பாருங்கண்ணே."

"ஞாபகம் இல்லாதவன்தான்டா எட்டிப் பார்ப்பான்."

பெட்டி சொன்னால் இன்ஜின் போயாக வேண்டும். போனது. மேசை துடைக்க நான் கீழே வைத்திருந்த வாளிக்குள் விழுந்தது.

"அடுத்த ஸ்டேஷன் வந்தாச்சு" என்றது கார்டு.

"இங்க ஒரே தண்ணியா இருக்கேண்ணே."

"மழைக்காலத்துல அப்படித்தான் இருக்கும்."