வடக்கே கேட்ட குரல்

ஆடு மேய்க்கிற கருத்தப்பாண்டிக்கு எட்டு மாதமாகத் தொண்டை கம்மிக் கிடந்தது. ஆட்டைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் இப்படி என்று பனங்கற்கண்டை மென்றுகொண்டு திரிந்தார். சங்கரன்கோவில் டாக்டர் மூக்கு வழியே கேமராக் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, “மூணு வாரத்துக்கு மேல கம்முனா அப்பவே வந்திருக்கணும் அண்ணாச்சி” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில், புற்று பிடித்த குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஓட்டை வைத்தார்கள். காற்றை விழுங்கி ஏப்பம்போல வெளியே விட்டால் அதையே பேச்சாக்கலாம் என்றாள் பயிற்சி கொடுக்கிற பெண். இரண்டு மாதம் பழகியும் ஏப்பம் ஏப்பமாகவே இருந்தது.

குருவிகுளத்துக் காட்டில் இப்போது அவர் மனைவி பார்வதிதான் தகரத்தைத் தட்டி ஆடுகளைத் திருப்பினாள். அவர் வேலமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அன்று வெயில் தாழ்ந்தபோது நாற்பத்தேழு ஆடும் ஒன்றுபோலத் தலையைத் தூக்கின. அவருடைய குரலுக்கு மட்டும்தான் அப்படித் தூக்கும். பிறகு வடக்கே, ஆளில்லாத தரிசைப் பார்த்து ஓடின. அவர் கம்பை நீட்டி மறித்தார். அவரைச் சுற்றிக்கொண்டு போயின.

மரத்தடியில் கஞ்சிச் சட்டி கழுவிக்கொண்டிருந்த பார்வதி எழுந்தாள்.

“இந்தா வாரேன். எதுக்கு இந்தக் கத்து கத்துதீய?” என்று வடக்கே பார்த்துச் சொன்னாள்.

அவர் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார். முள்ளில் மாட்டிய சேலையை எடுப்பதுபோல அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு நடந்தாள்.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். கழுத்து ஓட்டையில் காற்று சீறியது.

“வந்துட்டேன், வந்துட்டேன்” என்றபடி பார்வதி தரிசுக்குள் இறங்கி ஓடினாள்.