கருவாலனின் வைராக்கியம்

ஆராய்ச்சிக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் கருவாலன் என்ற ஆண் எலி தனிக்காட்டு ராஜா. மூலைக்கு மூலை மூத்திரம் பெய்து எல்லை போட்டிருந்தான். எந்த ஆண் எலியை உள்ளே விட்டாலும் முதுகைக் குதறிவிடுவான். தான் பெரிய வீரன் என்று அவனுக்கு அத்தனை பெருமை.

ஒருநாள் பஞ்சு என்ற எலியை உள்ளே விட்டார்கள். கருவாலன் கடித்தான். பஞ்சு திருப்பிக் கடிக்கவில்லை.

"வலிக்குதுண்ணே. ஒண்ணுக்கு எந்த மூலைக்குப் போகணும்?"

"கோழைப் பயலே! கோபமே வராதா உனக்கு?"

"வராதுண்ணே. உங்க ரத்தத்துல ஓடுற ஆண் ஹார்மோன்தான் எனக்கும் ஓடுது. மூளையில அதை வாங்கிக்கிற ஏற்பி மட்டும் எனக்குக் கிடையாது. பிறக்கும்போதே இல்லாமப் பண்ணிட்டாங்களாம்."

கருவாலன் சிரித்தான். "அப்ப நீ சாது இல்லடா. உனக்கு ஒண்ணு குறையுது, அவ்வளவுதான்."

"ஆமாண்ணே. உங்களுக்கு அது இருக்கு, அவ்வளவுதான்."

சிரிப்பு நின்றது. பஞ்சுவை வெளியே எடுத்தார்கள். 'அடுத்தவன் வரட்டும், கடிக்காமல் இருந்து காட்டுகிறேன்' என்று கருவாலன் வைராக்கியமாக உட்கார்ந்தான்.

அடுத்த எலி வந்தது. கருவாலன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அதன் வாடை மூக்கில் ஏறியது.

கண்ணைத் திறந்தபோது, வாய் நிறைய அதன் முதுகு மயிர் இருந்தது.