இரண்டாம் தவணை

"மெஷினை அப்படியே விட்டுட்டு வாங்கண்ணே. கையை வீசிக்கிட்டு வந்தாப் போதும்" என்றாள் நர்ஸம்மா, வாசலில் நின்றபடி.

தையல்காரர் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. சாயங்காலம் கொடுக்க வேண்டிய சட்டை கை வைக்காமல் கிடந்தது.

"போன மாசம்தானே தீ ஒத்திகை நடத்தினீங்க? மறுபடியுமா?"

"சொல்லாம கொள்ளாம நடத்தினாத்தான் செல்லுமாம். மானியம் குடுத்த ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து கீழ மைதானத்துல உக்காந்திருக்காங்க. ஒரு வீடு வரலைன்னாலும் ரெண்டாம் தவணை கிடையாதாம்."

அவள் கேட்டால் அந்தத் தெருவில் யாராலும் தட்ட முடியாது. முந்தைய கோடையில் மலைக்காட்டில் பற்றிய தீ தெருவை நெருங்கியபோது, ஆளாளுக்கு வண்டியைக் கிளப்பி, இருந்த ஒரே சாலையையும் அடைத்துவிட்டார்கள். காற்று மாறியதால் வீடுகள் பிழைத்தன. ஆனால் நெரிசலில் மாட்டிக்கொண்ட மெக்கானிக்கின் அம்மா, புகை தாங்காமல் வண்டிக்குள்ளேயே போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகுதான் நர்ஸம்மா உள்ளாட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து மானியம் வாங்கினாள். முதல் தவணையில் வீடுகளைச் சுற்றியிருந்த புதரை வெட்டினார்கள். கீழே இருந்த பள்ளி மைதானத்துக்குக் குறுக்குவழியாக இறங்கப் படிக்கட்டு போட்டார்கள். ஒரு சைரனும் வாங்கினார்கள். இரண்டாம் தவணையில் தண்ணீர்த் தொட்டி வரவேண்டும்.

தையல்காரர் அலுத்துக்கொண்டே எழுந்து மனைவியைக் கூப்பிட்டார்.

படிக்கட்டில் தெருவே இறங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் தன் அப்பாவை முதுகில் சுமந்திருந்தான். நர்ஸம்மாவின் கணவர் எல்லாருக்கும் முன்னால், யாரிடமும் பேசாமல் நடந்தார். சைரன் ஏன் ஊதவில்லை என்று கேட்டவர்களிடம், பேட்டரி போய்விட்டது என்று நர்ஸம்மா சொன்னாளாம். மானியத்தில் வாங்கும் சாமானின் லட்சணமே இதுதான் என்று, பாதித் தூக்கத்தில் எழுந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சலித்துக்கொண்டார். லேசாகப் புகை வாடை வந்தது. ஒத்திகைக்குப் புகைகூடப் போட்டிருக்கிறார்களே, நர்ஸம்மா எதிலும் குறை வைக்கமாட்டாள் என்றார் தையல்காரர். நாலு பேர் சிரித்தார்கள்.

பாதி வழியில் அவர் மனைவிக்கு அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒரே ஓட்டமாய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பினாள். கடைசி ஆளாக வந்துகொண்டிருந்த நர்ஸம்மா இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்தாள்.

"வேணாம்க்கா. கீழ போங்க."

"பால் பொங்கிக் கருகிடும்மா."

"கருகட்டும். போங்கன்னா போங்க."

அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. தையல்காரர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். ஒரு தண்ணீர்த் தொட்டிக்காக மனுஷி இப்படியா தலைகால் தெரியாமல் ஆடுவாள் என்று அவருக்குக் கசந்தது. தொட்டி வந்ததும் அவள் பெயரைப் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளட்டும் என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

மைதானத்தில் நர்ஸம்மா வீடு வீடாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். எல்லா வீட்டாரிடமிருந்தும் குரல் வந்தது. இன்னொரு முறை கூப்பிட்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு நாற்காலிகூடப் போட்டிருக்கவில்லை.

"ஆபீஸ் ஆளுங்க எங்க நர்ஸம்மா? ஒருத்தரையும் காணோம்?"

"யாரும் வரலைண்ணே" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "நெஜத்தைச் சொல்லியிருந்தா மறுபடியும் எல்லாரும் வண்டிக்கு ஓடியிருப்பீங்க. நான் உங்க கதவைத் தட்டினப்பவே, ரோட்டு வளைவுக்கு மேல எங்க வீடு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."