ஒரு சீட்டுக்கு இரண்டு மஃப்ளர்

"யாருங்க அது, ஒரு சீட்டை வெச்சுக்கிட்டு ரெண்டு இடம் பிடிச்சிருக்கிறது?"

அலோய்ஸ் சத்தமாகவே கேட்டான். வியன்னா ஓபரா அரங்கில், நின்று பார்ப்பவர்களுக்கான பகுதி. முன்வரிசைக் கைப்பிடிக் கம்பி முழுக்க மஃப்ளரும் கைக்குட்டையும் கட்டித் தொங்கின. கட்டியவர்களில் பாதிப் பேர் வெளியே காபி குடிக்கப் போயிருந்தார்கள்.

துணி கட்டினால் அந்த இடம் கட்டியவருடையது. வேறு யாரும் தொடக்கூடாது. எங்கேயும் எழுதி வைக்காத சட்டம்தான், ஆனால் எழுதி வைத்த சட்டங்களைவிட ஒழுங்காக நடந்து வந்தது.

நட்ட நடுவில், ஒரே நூலில் பின்னிய இரண்டு பச்சை மஃப்ளர்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. அதுதான் அலோய்ஸின் கண்ணை உறுத்தியது.

"பழுப்புக் கோட்டு போட்ட அம்மா ஒருத்தங்க," என்றார் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கிழவர் பொக்கோர்னி. "அஞ்சு மாசமா இப்படித்தான் ரெண்டு கட்டுறாங்க. கேட்டா, ஒருத்தர் வருவாருன்னு சொல்வாங்க."

"வர்றாரா?"

"எனக்கெப்படித் தெரியும்? விளக்கு அணைஞ்சப்புறம் நான் மேடையைப் பார்ப்பேனா, யாரு யாரோட நிக்கிறாங்கன்னு பார்ப்பேனா?"

அலோய்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரத்தில் மூன்று மாலை இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டுக் கேட்கத்தான் அவன் மற்ற நான்கு நாளையும் தள்ளினான். பார்சல் கிடங்கில் எட்டு மணி நேரம் பெட்டி தூக்கிய முழங்கால். சாய்ந்துகொள்ளக் கம்பி இல்லாவிட்டால் அரை மணி நேரம்கூடத் தாங்காது.

நேற்றைய ரொட்டி, தெருக்குழாய்த் தண்ணீர், நின்று பார்க்கும் மலிவுச் சீட்டு. "வியன்னாவுல ராஜா மாதிரி இருக்கேன்" என்று ஊரில் இருக்கும் அக்காவிடம் போனில் சொல்வான். பேச ஒரு ஆள் இல்லை என்பதை மட்டும் சொல்லமாட்டான். வந்து ஒன்றரை வருஷமாகியும் இந்த ஊரில் ஒருத்தர்கூடத் தன்னை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது அவனுடைய தீராத குறை.

வழக்கமாக அவன் கிடங்கிலிருந்து ஓடி வருவதற்குள் விளக்கு அணைந்துவிடும். அப்படியும் இருட்டில் தடவிக்கொண்டு போனால் கம்பியில் ஒரு ஆள் நிற்க இடம் அகப்பட்டுவிடும். தனக்கு மிச்சமிருக்கும் ஒரே அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வான். இடைவேளையில் மாடிப்படிக்குப் போய்த் தனியாக ரொட்டியைக் கடிப்பான். திரை விழுந்ததும் டிராமைப் பிடிக்க ஓடுவான்.

இன்று கிடங்கில் இயந்திரம் பழுது. நாலு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் தடவையாக நேரத்தோடு வந்தால், கம்பியில் ஒரு சாண் இடமில்லை. பந்திக்கு முந்தியும் இலை இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

விறுவிறுவென்று போய் ஒரு பச்சை மஃப்ளரை அவிழ்த்தான்.

"ஐயையோ, கை வைக்காதீங்க!" பொக்கோர்னியின் பேப்பர் கீழே விழுந்தது.

அலோய்ஸ் மஃப்ளரைத் தரையில் போட்டுவிட்டுத் தன் கைக்குட்டையைக் கட்டினான். சுற்றி இருந்தவர்கள் கோயிலில் திருடியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அரங்கு ஊழியர் ஓடி வந்தார்.

"ஐயா, கட்டின துணியை அவிழ்க்கிற பழக்கம் இங்க கிடையாது."

"ஒரு சீட்டுக்கு ரெண்டு இடம் பிடிக்கிற பழக்கம் மட்டும் உண்டா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"அந்த அம்மாவே வந்துட்டாங்க," என்றார் பொக்கோர்னி.

பழுப்புக் கோட்டு. ஐம்பது வயதிருக்கும். குனிந்து மஃப்ளரை எடுத்துத் தூசி தட்டினாள். யார் அவிழ்த்தது என்று நிமிர்ந்து பார்த்தவள், அலோய்ஸின் கிடங்குச் சட்டையைப் பார்த்தாள். அவன் கை தேய்த்துக்கொண்டிருந்த முழங்காலைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்மா. இவரைப் பின்னாடி அனுப்பிடறேன்," என்றார் ஊழியர்.

"வேண்டாங்க. அவர் அங்கேயே நிக்கட்டும்."

அவள் விட்டுக்கொடுத்ததும் அலோய்ஸுக்கு இன்னும் ஏறிக்கொண்டது. ஒன்றரை வருஷமாகப் பேசாத வாய், நிறுத்தத் தெரியாமல் பேசியது.

"இப்ப மட்டும் பெரிய மனசாக்கும்! எத்தனை பேரு கால் கடுக்கப் பின்னாடி நின்னிருப்பாங்க, இந்த இடத்தை நீங்க சும்மா பூட்டி வெச்சதுல? அது சரி, உங்க ஆளு வந்தா எங்க நிப்பாரு? அஞ்சு மாசமா யாரும் பார்க்காத அந்த மகாராஜா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் முகம் காதுவரை சிவந்துவிட்டது. ஊழியரின் பக்கம் திரும்பினாள்.

"அவர் வந்துட்டாருங்க. எப்பவும் விளக்கு அணைஞ்சப்புறம்தான் மூச்சு வாங்க ஓடி வருவாரு. முட்டியைத் தேய்ச்சுக்கிட்டே பக்கத்துல வந்து சாய்வாரு. ஒரு நாளும் இந்தப் பக்கம் திரும்பினதில்ல. இன்னைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசுறாரு."