பச்சை டிக்

பச்சை டிக் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி.

‘கையெழுத்திட்ட பிறகு இந்த ஃபைல் மாற்றப்பட்டுள்ளது’ என்றது கம்ப்யூட்டர்.

இன்ஜினியர் இசைவாணி ஃபைலை மூடி மறுபடி திறந்தாள். அதே சிவப்பு. மகளுக்குக் காய்ச்சல் என்று நேற்று போன் வந்ததும், பென் டிரைவ் போன்ற கையெழுத்து டோக்கனைக் கம்ப்யூட்டரில் சொருகி, பின் நம்பர் போட்டு, டிஜிட்டல் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் ஓடினாள். ஒத்தக்கடையில் எழும்பும் குழந்தைகள் காப்பகத்தின் பால்கனி டிசைன் அது. திறந்ததும் அவள் மகளையே அங்கேதான் விடப்போகிறாள்.

யார் கை வைத்தது?

ஆபீஸில் படம் வரைகிறவர் முத்துக்கருப்பன் ஒருவர்தான். அவர் நாற்காலி காலி.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். எதிர் டீக்கடையில் காண்ட்ராக்டர் சிவனாண்டியின் தோளில் கை போட்டு நின்றார். குரல் இங்கே வரை கேட்டது.

“இன்னொரு வடை சாப்பிடுங்க மாப்ள. அம்புட்டு என்ன அவசரம்?”

ஓகோ! கான்கிரீட்டில் கம்பியைக் குறைக்கத்தான் இந்த வடை உபசாரமா?

என்ன மாறியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. நேரே முதலாளி சிவக்குமாரிடம் போனாள்.

“சார், நான் சைன் பண்ணின ஃபைல்ல முத்துக்கருப்பண்ணன் கை வச்சிருக்கார். சின்னப் புள்ளைங்க நிக்கிற இடம் சார்!”

சிவக்குமார் ஜன்னல் வழியே கூப்பிட, முத்துக்கருப்பன் வந்து நின்றார்.

“ஃபைலைத் தொட்டியாய்யா?”

“தொட்டேன் சார்.”

“அம்மா, நீ சைன் பண்ணினது, இவன் மாத்தினது, ரெண்டையும் திற. கம்பியில கை வச்சிருந்தான்னா இன்னைக்கே வீட்டுக்குப் போயிரட்டும்.”

தன் மெயிலில் இருந்த அசலைத் திறந்தாள். பச்சை டிக்.

மாறியிருந்தது ஒரே ஒரு எண். பச்சை டிக் போட்டதில், பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு கம்பி. சிவப்புப் பெருக்கல் போட்டதில், ஆறு அங்குலத்துக்கு ஒன்று.

சிவக்குமார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஆறுதானே சரி? பன்னெண்டுன்னா பால்கனி புள்ளைகளோட கீழ வந்துருமே! யார் போட்டது இதை?”

இசைவாணி வாயைத் திறப்பதற்குள் முத்துக்கருப்பன் முந்திக்கொண்டார்.

“நான்தான் சார். மேடம் ஆறுன்னுதான் எழுதிக் குடுத்தாங்க. தப்பா வரைஞ்சுட்டேன். காலையில பார்த்துத் திருத்தினேன். மேடம் வந்து மறுபடி சைன் பண்றதுக்குள்ள சிவனாண்டி பழசை வாங்கிட்டுப் போயிரக் கூடாதுன்னுதான் டீக்கடையில பிடிச்சு வச்சேன்.”

“கண்ணு எங்கய்யா வச்சிருந்த? இன்னொரு தடவைன்னா சீட்டைக் கிழிச்சிருவேன். நீயும் பார்த்து சைன் பண்ணும்மா.”

தலையாட்டிக்கொண்டே தன் இடத்துக்கு வந்த முத்துக்கருப்பன், மேசையில் இருந்த தாள் ஒன்றை நாலாக மடித்து, பின்னாலேயே வந்த இசைவாணியிடம் நீட்டினார்.

“இதைப் பைக்குள்ள வச்சுக்கங்க தாயி. புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா? சீக்கிரம் டோக்கனைச் சொருகுங்க, சிவனாண்டி நாலாவது வடைக்கு வந்துட்டாரு.”

மடிப்பைப் பிரித்தாள்.

நேற்று அவள் போட்டுக் கொடுத்த கணக்கு. அவள் கையெழுத்திலேயே இருந்தது: ‘12 அங்குலம்.’