சிலேட்டு மலை

மதுவந்தி மூச்சு வாங்க மலை ஏறுவதை, தி. நகர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தி பெற்றவள், தங்கபுஷ்பம். இன்னொருத்தி மாமியார், செல்வக்கனி. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் செல்வக்கனி கே.கே. நகரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள். மகனையும் மருமகளையும் பார்க்க அவளிடமும் போன் இருக்கிறது. ஆனால் தனியாகப் பார்த்தால் யாரிடம் குறை சொல்வது?

போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் வேல்ஸ் தெரிந்தது.

மலை என்றுதான் பேர். உடைத்துக் கொட்டிய சாம்பல் நிறச் சில்லுகள் சேர்ந்து சேர்ந்து அதுவே மலையாக நின்றது. ஓரத்தில் கூரை போன கல் வீடுகள். ஊரே வேலை பார்த்த குவாரியாம். இப்போது ஆடுகள்தான் நின்றன.

போனைப் பிடித்தபடி பின்னால் வந்தவன் ஆனந்தகுமார். ஒருத்திக்கு மகன், இன்னொருத்திக்கு மாப்பிள்ளை.

"பூரா சிலேட்டுக் கல்லு அத்தை. நாமெல்லாம் எழுதினோமே, அதே கல்லுதான்" என்றான்.

"இதைப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போனீங்க? பல்லாவரத்துல இல்லாத கல்லாக்கும்" என்றாள் செல்வக்கனி.

தங்கபுஷ்பம் மலையைப் பார்க்கவில்லை. மகள் நாலடி வைப்பதும் நிற்பதுமாக வருவதைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. குளிர் என்றாள் மகள். கையுறையைக் கழற்றியபோது மணிக்கட்டில் கன்றிப்போன தடம் தெரிந்தது. எங்கே இடித்துக்கொண்டாய் என்று கேட்டதற்கு, தெரியவில்லையே என்றாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். ஒரு பேரப்பிள்ளைக்காகச் செல்வக்கனி ஏறாத கோயில் இல்லை. தங்கபுஷ்பமும் கூடவே ஏறி இறங்கினாள். ஆனால் அவள் வேண்டிக்கொண்டது வேறு. பிள்ளை இல்லாவிட்டால் போகிறது, இவள் இருந்தால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டாள்.

மதுவந்தி ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். காலடியில் கிடந்த மெல்லிய சில்லு ஒன்றை எடுத்து அப்பளம்போல ஒடித்தாள். ஜாக்கெட்டில் துடைத்தாள். வாயில் போட்டுக் கடித்தாள்.

நறுக்கென்ற சத்தம் தி. நகர் வரை கேட்டது.

"இவ கொஞ்ச நாளா இப்படித்தான் அத்தை. உடைஞ்ச பூந்தொட்டிச் சில்லைக்கூட விடறதில்ல" என்று ஆனந்தகுமார் சிரித்தான்.

செல்வக்கனி எழுந்தே விட்டாள்.

"ஏ மதினி, மசக்கை. சத்தியமா மசக்கைதான். இவனை உண்டாயிருக்கையில நான் அடுப்பு மண்ணைச் சுரண்டித் தின்னவ."

சொல்லிக்கொண்டே சர்க்கரை டப்பாவைத் தேடிச் சமையலறைக்கு ஓடினாள். திரையில் மதுவந்தி தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று சொல்லவில்லை. படம் ஆடியது. ஆனந்தகுமார் சந்தோஷத்தில் அவளிடம் ஓடிக்கொண்டிருந்தான்.

தங்கபுஷ்பம் திரையில் மகளின் மணிக்கட்டைத் தேடினாள்.

ஒன்றாம் வகுப்பில் மதுவந்தி இப்படித்தான் பல்பம் தின்றாள். எழுதக் கொடுத்த பல்பமெல்லாம் வயிற்றுக்குள் போனது. பல்பம் தின்னாத பிள்ளை எங்கே இருக்கிறது என்று எல்லோரும் சிரித்தார்கள். தங்கபுஷ்பமும் சிரித்தாள். அப்புறம் உடம்பெல்லாம் காரணமில்லாமல் கன்றியது. அப்புறம் காய்ச்சல். அப்புறம் அடையாறு, புற்றுநோய் ஆஸ்பத்திரி.

என்ன நோய் என்று மகளிடம்கூடச் சொல்லவில்லை. ரத்தம் கம்மி, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவும் ஆனது. ஆனால் மறுபடி வந்தால் கைவசம் வைத்தியம் அதிகம் இல்லை என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார்.

பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும், வெளியே மூச்சு விடாதே என்றார் புருஷன் சிதம்பரநாதன். போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். இப்போது அது தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.

சொல்லியாக வேண்டும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, சின்ன வயதில் உனக்கு இன்னது இருந்தது என்று சொல், என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் அந்தக் குடும்பத்தில் மகளுக்கு இடம் இருக்காது. சொல்லாவிட்டால் மகளே இருக்கமாட்டாள். சொன்னாலும் இருப்பாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.

செல்வக்கனி டப்பாவோடு திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மொத மொட்டை திருச்செந்தூர்லதான் மதினி. மதுவுக்கு நீங்க போட்ட மாதிரியே."

அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் ஆறு வயது மதுவந்தி, மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் படத்தில் நின்றாள். பெண் பார்க்க வந்த அன்றே செல்வக்கனிக்குப் பிடித்துப்போன படம் அது. சாமிக்குப் பயந்த குடும்பம் என்று அதைப் பார்த்துத்தான் தட்டை மாற்றினாள்.

அந்த முடியை எந்தக் கோயிலிலும் யாரும் எடுக்கவில்லை. அடையாறு வார்டில், தலையணைமேல், கொத்துக் கொத்தாக அதுவாக உதிர்ந்தது. மிச்சத்தை வழித்துவிட்டு, சந்தனத்தைக் குழைத்துப் பூசி, பிள்ளையை ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனவள் தங்கபுஷ்பம்.

"ஆ காட்டுங்க மதினி."

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் திறந்தாள்.

செல்வக்கனி அதில் சர்க்கரையைப் போட்டாள்.