நூறு மீட்டர் கேபிள்

மேடைக்குப் பின்னால் குந்தியிருந்த இன்ஜினியர், கேமராவிலிருந்து வரும் கேபிளின் முனையைக் கால் சுற்று திருகிக் கழற்றினாள். பெரிய திரையில் வரவேற்புரை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த முதலாளி காணாமல் போனார்.

"என்னம்மா, என் மூஞ்சியக் காணோம்!"

முனையை மறுபடி மாட்டிவிட்டு வெளியே வந்தாள். "கேபிள் சார். பழைய டிவி காலத்துது. எச்.டி. படத்த நூறு மீட்டர் இழுக்காது. அப்பல்லாம் படம் போறதுக்கு முன்னாடி புள்ளி புள்ளியாத் தெரியும். இது சொல்லாமக் கொள்ளாமப் போயிடும்."

இதையே மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்று தாளும் அவருடைய டீ டம்ளருக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. போன வருடம் நேரலையில் சத்தம் போனதற்கு முந்தைய இன்ஜினியரைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் வீட்டில் முதல் பட்டமும் அவளுடையது, வருகிற ஒரே சம்பளமும் அவளுடையது.

"ஒயர்ல என்ன பழசு புதுசு? உள்ள செம்புதானே? படிச்ச திமிர எங்கிட்டக் காட்டாத."

அவள் மறுபடி மேடைக்குப் பின்னால் போனாள். முதலாளி மறுபடி மறைந்தார், மறுபடி வந்தார். அப்போதும் மசியவில்லை.

அவளுடைய இந்தத் தந்திரம் தெரிந்த ஒரே ஆள், கேபிளின் மறுமுனையில் நின்ற கேமராக்காரர். காலையில் அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

புது கேபிளுக்கான தாளை நீட்டியபடி முதலாளி எதிரில் வந்து நின்றாள்.

"இப்ப பாரு, ஜம்முனு வருது" என்று அவர் கையைக் காட்டியதும் திரை கறுத்தது.

அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. திரும்பினாள். கேமராக்காரர் இரண்டு கையாலும் பன்னைப் பிட்டபடி அவளைப் பார்த்துச் சிரித்தார். நாலு நொடியில் படம் வந்தது.

முதலாளி தாளைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். "புதுசு அடுத்த வாரம்தான் வரும். இன்னைக்கு நேரலைய இதுலயே ஓட்டு. படம் போச்சுன்னா உன் வேலையும் போச்சு."

"ஓடிடும் சார்" என்றாள். இன்றைக்குப் போனதெல்லாம் கழற்றியதால்தான். கழற்ற ஆளில்லாவிட்டால் இந்த ஒரு நாள் கேபிள் ஏன் போகப்போகிறது?

நேரலைக்கு ஒரு நிமிடம் இருந்தது. அரங்கம் நிறைந்துவிட்டது. முதலாளி தலையைச் சீவிக்கொண்டு மேடையேறினார்.

அவள் கேமராக்காரரின் காதருகே குனிந்தாள். "மூணாவது தடவ நேரம் பாத்துக் கழட்டினீங்க பாருங்கண்ணே, அதுலதான் மனுஷன் விழுந்தாரு. ரொம்ப நன்றிண்ணே."

அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நானா? நான் தொடவே இல்லையேம்மா."